மெர்சியும் விழிக்கக் கூடாத செல்களும்

மெர்சி என்ன வேலை செய்கிறாள் என்பதை அவளுடைய அப்பா அங்கப்பன் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்: தூங்குகிற செல்களை எழுப்புகிறாள். எழுப்பி என்ன செய்வாள் என்று மேற்கொண்டு கேட்பவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது. பீளமேட்டு நூற்பாலை ஒன்றில் காலமெல்லாம் ராத்திரி ஷிப்டு பார்த்தவர் என்பதால் தூக்கத்தைப் பற்றி அவருக்கு அனுபவத்தில் விளைந்த கருத்துகள் நிறைய இருந்தன.

"எழுப்பறதுக்கு எதுக்கு கண்ணு இத்தனை படிப்பு? எங்க மேஸ்திரி பெஞ்சை ஒரு மிதி மிதிச்சாருன்னா, அத்தனை பேரும் எந்திரிச்சுக்குவோம்."

"இது ஒரு மிதிக்கு எந்திரிக்காதுங்கப்பா. அரைக்கண்ணு முழிச்சுப்போட்டு மறுக்காப் படுத்துக்கும்."

"அப்ப நம்ம கண்ணையா மாதிரின்னு சொல்லு" என்று பழைய கூட்டாளி ஒருவரை நினைவுகூர்ந்து அங்கப்பன் திருப்தியோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

1994-இல் மெர்சி அதே பீளமேட்டில் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கூலி வேலைக்கல்லாமல் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்கள் வீட்டில் அவள்தான். அவளுடைய ஆய்வுப் பொருள் பி செல். ரத்தத்திலும் மண்ணீரலிலும் கிடக்கிற இந்தச் செல்கள்தான் விழித்தெழுந்தால் நோய்க்கிருமிக்கு எதிரான புரதங்களைச் செய்து தள்ளுகின்றன. விழிக்காதவரை சின்னதாக, சோம்பலாக, தங்களால் ஆவது ஒன்றுமில்லை என்கிற பாவனையில் கிடக்கும். தனக்குரிய கிருமி வந்து மேலே ஒட்டினாலும் பி செல் பாதிதான் விழிக்கும். அப்போது டி செல் என்ற இன்னொரு செல் பக்கத்தில் வந்து, அதைத் தொட்டு, கூடவே இன்டர்லூகின்-4 என்ற தூதுப் பொருளையும் சுரந்தால்தான் முழுதாக எழுந்து, பருத்து, பெருகும். இத்தனை சம்பிரதாயம் ஏனென்றால், கண்டது பட்டதுக்கெல்லாம் எழுந்து சண்டைக்குப் போகிற செல் கடைசியில் சொந்த உடம்பையே அடித்துவிடும்.

மெர்சியின் வழிகாட்டியான பேராசிரியர் லட்சுமணசாமி இதை வகுப்பில் வேறு மாதிரி சொல்வார்.

"பத்திரிகை தபால்ல வந்துருச்சுங்க. மேசை மேல கெடக்குது. கல்யாணத்துக்குப் போவமா? மாட்டோம். ஊட்டுக்கு நேர்ல வந்து, கையப் புடிச்சு, 'நீங்க வந்துதான் ஆகோணும்'னு சொல்லோணும். அப்பத்தான் போவோம். பி செல்லும் நம்மூரு ஆளுதானுங்க. கிருமி வந்து ஒட்டறது தபால்ல வந்த பத்திரிகை. டி செல் வந்து கையப் புடிக்கறது இருக்குதே, அதுதான் அழைப்பு. அவிய வாயில சொல்ற சொல்லுதான் இன்டர்லூகின்."

இந்த உவமையில் சொந்த அனுபவமும் கலந்திருந்தது. மைத்துனர் மகள் கல்யாணத்துக்குத் தபாலில் மட்டும் அழைப்பு வந்தது என்பதற்காக அவர் போகவில்லை. மைத்துனர் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

இப்படிப்பட்டவரின் ஆய்வகத்தில்தான் மெர்சிக்கு அந்த முடிவு கிடைத்தது. சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து ஓய்வு நிலையில் உள்ள பி செல்களைப் பிரித்து, பல்லாங்குழி போலக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் இடுவாள். சில குழிகளுக்கு இன்டர்லூகின். சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடுவாள், ஒப்பிடுவதற்காக. சில நாள் கழித்து எல்லாக் குழியிலும் ஒரு மஞ்சள் சாயம். செல்கள் விழித்துப் பெருகியிருந்தால் சாயம் நாவல்பழ நிறமாகும். தூங்கினால் மஞ்சளாகவே நிற்கும்.

சும்மா விட்ட குழிகள் மஞ்சள். இன்டர்லூகின் மட்டும் இட்ட குழிகள் நாவல்பழம். கிருமியும் இல்லை, டி செல்லும் இல்லை. கை பிடிக்க ஆளில்லாமல், காற்றில் வந்த ஒரு சொல்லுக்கே பி செல் எழுந்து பந்திக்கு வந்துவிட்டது. புத்தகங்கள் அத்தனையும் இதை மறுத்தன. பேராசிரியர் தன் வாழ்நாளெல்லாம் நடத்திய பாடமும் மறுத்தது. தன் பாடம் பொய்யாகிப்போனதில் அவரைவிட மகிழ்ந்த ஆசிரியர் கோவை வட்டாரத்தில் இருந்திருக்க முடியாது.

"அம்மணி! நீ என்ன செஞ்சுபோட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

"மறுக்கா ஒருக்கா வெச்சுப் பாக்கறனுங்க சார்."

"பாரு, பாரு. எத்தனை தடவை வேணும்னாலும் பாரு."

பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதேதான். பெங்களூரில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் போனது, ஏற்கப்பட்டது, அச்சாகியும்விட்டது. பேராசிரியர் ஓய்வு பெறுவதற்குள் துறைக்கு ஒரு பெயர் கிடைக்கும் என்றார்கள். மெர்சிக்கு அதைவிட நெருக்கமான கணக்கு ஒன்று இருந்தது. உதவித்தொகை முடியப் போகிறது. இந்த முடிவுதான் அவளுடைய ஆய்வேடு. ஆய்வேடு முடிந்தால் அதே துறையில் விரிவுரையாளர் வேலை என்று நிர்வாகம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது. முடிவு நின்றால் எல்லாம் நிற்கும்.

கருத்தரங்குக்குக் காட்ட நல்ல படம் ஒன்று வேண்டுமென்று கடைசியாக ஒரு தட்டு வைத்தாள். அங்கேதான் சிக்கல் வந்தது. இன்டர்லூகின் வெளிநாட்டிலிருந்து உலர்ந்த பொடியாக வரும், கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு சின்னக் குப்பியின் அடியில். அதைத் துறையின் காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்புச் சேர்த்துக் கரைத்து, கொஞ்சத்தைப் பல குழிக்குப் பங்கிடுவதற்காகத் தாராளமாகவே நீர்க்கவிட்டு வைத்திருந்தாள். அது தீர்ந்துவிட்டது. ஒரு வரிசைக் குழிகள் மிச்சம். மறுபடி வாங்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வேறு ஊரில் வேறு ஆய்வாளர் தட்டை மூடியிருப்பார். மெர்சி குப்பியை அலசினாள். எண்ணெய்ப் பாத்திரம் காலியானால் சுடுதண்ணீர் விட்டு அலசிக் குழம்பில் ஊற்றுகிற, தயிர்ச் சட்டியை அலசி மோராக்குகிற வீட்டில் வளர்ந்தவள். அவள் அம்மா பாவாத்தாள் அலசாமல் எந்தப் பாத்திரத்தையும் கழுவப் போட்டதில்லை. கை தன்னால் அந்த வேலையைச் செய்தது. குப்பியில் அதே தண்ணீரை விட்டு ஆட்டி, மூன்று குழிக்கு ஊற்றினாள். பிறகு இரண்டாவது அலசல். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று மூன்றாவது அலசல்.

தட்டை எடுத்துச் சாயம் ஊற்றியபோது அந்தக் குழிகள் வெளிறிக்கொண்டே போகும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வெளிறவில்லை. முதல் அலசல் நாவல்பழம், இரண்டாவதும் நாவல்பழம், மூன்றாவது அலசல் எல்லாவற்றுக்கும் மேலே, நன்றாகப் பழுத்த நாவல்பழம்.

மெர்சி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால் சட்டியை மூன்றாம் முறை அலசின தண்ணீரும் கெட்டிப் பாலாக இருந்தால் சட்டியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. தண்ணீரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரர் எவருக்கும் அந்த யோசனை எளிதில் வராது. பஸ்ஸைக் குறை சொல்வார்கள், மில் முதலாளியைக் குறை சொல்வார்கள், வெயில் முன்னைப்போல் இல்லை, கூடிவிட்டது என்பார்கள். சிறுவாணித் தண்ணீரைச் சொல்ல மாட்டார்கள். வெளியூர் விருந்தாளி வந்தால் முதல் சொம்பைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்ப்பார்கள், பாராட்டு வருகிறதா என்று. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், செல் வளர்ப்புக்குத் தனியாகத் தண்ணீர் விலைக்கு வாங்கலாமே என்று கேட்டபோது லட்சுமணசாமி புன்னகை மாறாமல் சொன்னார்: "சிறுவாணித் தண்ணிய வடிச்சு வெச்சிருக்கறமுங்க. இதுக்கு மேல சுத்தம் வேணும்னா மேகத்துல ஏறித்தான் புடிக்கோணும்."

மெர்சியின் குடும்பத்துக்குத் தண்ணீரைப் பற்றி இப்படியொரு பெருமிதம் வாய்த்ததில்லை. அங்கப்பன் பிறந்த ஊரில் அவர்கள் தெருக்காரர்கள் கிணற்றை நெருங்கக் கூடாது. குடத்தை வைத்துவிட்டு எட்ட நிற்க வேண்டும். யாராவது மனம் வந்து இறைத்து ஊற்றினால் உண்டு. எந்தத் தண்ணீர் என்று கேட்கும் உரிமை இல்லை. அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்து முகர்ந்து பார்க்காமல் யாரும் குடிப்பதும் இல்லை. பெருமைப்பட ஒன்றுமில்லாத இந்தப் பழக்கம் மற்றவர்களுக்குத் தோன்றாத கேள்வியை மெர்சிக்குத் தோன்றவைத்தது.

எளிமையான கேள்விதான். சும்மா விட்ட குழிகளுக்கு அவள் தண்ணீரும் விட்டதில்லை. ஒரு பக்கம் இன்டர்லூகினும் தண்ணீரும் போனது, மறுபக்கம் எதுவுமே போகவில்லை. எழுப்பியது இரண்டில் எது என்று யார் சொன்னது?

மறுபடி ஒரு தட்டு வைத்தாள். ஒரு வரிசைக்குத் துறையின் தண்ணீர் மட்டும். இன்னொரு வரிசைக்கு அவினாசி சாலை மருந்துக்கடையில் வாங்கிய, ஊசி மருந்து கரைக்கிற தண்ணீர். மருந்துக்கடைத் தண்ணீர் மஞ்சள். துறைத் தண்ணீர் நாவல்பழம்.

பிறகு தண்ணீர்க் கேனைப் பார்க்கப் போனாள். அது மாடியில் இருந்தது, உதவியாளர் ஐயாசாமியின் பொறுப்பில். ஐயாசாமி கடமையில் குறை வைக்காத மனிதர். கேன் பாதிக்குக் கீழே இறங்க விட்டதே இல்லை. அதற்குள் புதிதாக வடித்ததை மேலே ஊற்றிவிடுவார்.

"இதை எப்பங்கண்ணா கடைசியாக் காலி பண்ணிக் கழுவுனீங்க?"

ஐயாசாமி அதிர்ந்துபோனார். "காலி பண்றதா? ஏனம்மணி, தண்ணிப் பானை காலியாக் கெடந்தா ஊட்டுக்கு ஆகுமா? நானு வந்த நாளுல இருந்து ஒரு நாளும் காலியானதில்லை."

அவள் கையை உள்ளே விட்டாள். சுவர் முழுக்க வழுவழுத்தது. சிறுவாணியின் மீது ஒரு குற்றமும் இல்லை, வடித்ததிலும் இல்லை. நிறைகுடத்தைக் காத்த பக்தியில் கேனுக்குள் நுண்ணுயிர்கள் வம்சம் வம்சமாகக் குடியிருந்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்து வடிகட்டித்தான் அவள் பயன்படுத்தினாள். கிருமிகள் சாகும். ஆனால் அவற்றின் மேலோட்டுத் தூள் கொதித்தாலும் சாவதில்லை, வடிகட்டியிலும் நிற்பதில்லை. சுண்டெலியின் பி செல்லுக்கு அந்தத் தூள் போதும். பத்திரிகை வேண்டாம், அழைப்பு வேண்டாம், தொட்ட மாத்திரத்தில் எழுந்துவிடும். எல்லாச் சம்பிரதாயத்துக்கும் இப்படி ஒரு விலக்கு இருப்பதும் புத்தகத்தில் உள்ளதுதான்.

இதைச் சொல்லாமலிருக்க வழி இருந்தது. பொடி தீர்ந்துவிட்டது. இப்போதைக்கு வேறு யாரும் சரிபார்க்க முடியாது. கருத்தரங்கு அடுத்த வாரம். பேராசிரியரின் அறை வாசலில் மெர்சி கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"சார், அது இன்டர்லூகின் இல்லீங்க. தண்ணிங்க."

"எந்தத் தண்ணி?"

"நம்ம தண்ணிங்க."

இரண்டு தட்டுகளையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கொங்கு நாட்டில் ஒருவருக்குக் கோபம் வந்திருப்பதைக் குரலில் தேடினால் கிடைக்காது. மரியாதை கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். லட்சுமணசாமி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மெர்சி. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். ஒண்ணே ஒண்ணு. இன்டர்லூகினு எழுப்பலைன்னு இதை வெச்சுச் சொல்ல முடியுங்களா?"

"முடியாதுங்க சார். எழுப்புச்சுன்னும் சொல்ல முடியாதுங்க."

"அப்பப் பாதிக்குப் பாதி நம்ம பக்கமுந்தான இருக்குது. கடைசியில 'மேலும் ஆய்வு தேவை'ன்னு ஒரு வரி சேத்திக்கலாமுங்களே."

"அந்த வரி எல்லாருத்தோட பேப்பர்லயும் இருக்குதுங்க சார். அதை யாரும் படிக்கறதில்லீங்க."

அவர் சிரிக்கவில்லை. "பட்டம் போயிருமுங்க மெர்சி. வேலையும் போயிரும். அதுவும் தெரியுங்களா?"

"தெரியுமுங்க சார்."

அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். அன்று வீட்டில் அங்கப்பன் என்ன ஆயிற்று என்று கேட்டார். செல்லை எழுப்பியது தான் இல்லை, வேறெதுவோ எழுப்பிவிட்டது என்றாள். "அது யாரு எழுப்புனா உனக்கென்ன கண்ணு, எந்திரிச்சுருச்சல்ல?" என்றார் அங்கப்பன். மெர்சி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் காலை அவள் போனபோது ஐயாசாமி மாடிப்படியில் கலங்கி நின்றார். பேராசிரியர் முழங்கைவரை சட்டையை மடித்து, கையைக் கேனுக்குள் விட்டிருந்தார். வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், "பெங்களூருக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. ரத்துப் பண்ண வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

ரயில் ஈரோடு தாண்டியதும் பேராசிரியர் திடீரென்று கேட்டார்.

"அப்ப நானு இத்தனை வருசமா வகுப்புல சொன்னது சரிதானா?"

"சரிதானுங்க சார். கையப் புடிச்சுக் கூப்பிடாம வராதுன்னுதான் நெனைக்கறனுங்க."

"நாந்தான் சரி. ஆனா நாந்தான் தப்பு." அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் முறை லேசாகச் சிரித்தார்.

கருத்தரங்கில் மெர்சி ஆங்கிலத்தில் பேசினாள். அச்சான சுருக்கத்தை அடித்துவிடும்படி முதல் வாக்கியத்திலேயே கேட்டுக்கொண்டாள். பிறகு மூன்று அலசல்களின் படம், தண்ணீர் வரிசையின் படம். ஒப்பீட்டுக் குழிகளுக்குத் தண்ணீர் விடாமல் போனது தன் பிழை என்றாள். கேனைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர், இப்படிப்பட்ட தண்ணீரை ஒரு ஆய்வகம் எப்படி இத்தனை காலம் நம்பியது என்று கொஞ்சம் காரமாகவே கேட்டார். மெர்சி வாயைத் திறப்பதற்குள் லட்சுமணசாமி எழுந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் அந்தச் சமயத்தில் தமிழ்தான் வந்தது.

"தண்ணி என்னோடதுங்க" என்றார். "அந்தப் புள்ளை வேற தண்ணி கேட்டுருந்தாலும் நானு ஒத்துக்கிட்டிருக்க மாட்டனுங்க."

யாரோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். தேநீர் இடைவேளையில், காரமாகக் கேட்ட அதே மனிதர் மெர்சியை ஓரமாக அழைத்து, தங்கள் ஆய்வகத்தில் தண்ணீர் பிடித்துவைக்கும் கேனை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று தணிந்த குரலில் கேட்டார்.

பாராட்டு அதோடு முடிந்தது. உதவித்தொகை நின்றது. விரிவுரையாளர் வேலைக்கு அக்ஷயா என்று வேறொருவர் வந்தார். மெர்சி சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு நடத்தும் வேலைக்குப் போனாள். முதலாண்டு மாணவர்கள் சோதனைக்குக் கொடுத்தது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கத் தவறுவதை மத்தியானம்வரை பார்த்துவிட்டு, பஸ் பிடித்துப் பீளமேட்டுக்கு வருவாள். லட்சுமணசாமி ஓய்வு பெறுவதற்கு முன் தன் ஆய்வு நிதியில் மீந்ததையெல்லாம் போட்டு மறுபடி பொடிக்கு எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும், போக வேறிடம் இல்லாதவர் போலத் துறைக்கு வந்து உட்கார்ந்தார். கேனை எறிந்தாயிற்று. அதற்காக ஐயாசாமி இரண்டு மாதம் மெர்சியோடு பேசவில்லை.

பொடி வர ஓராண்டுக்கு மேல் ஆனது. இந்தமுறை மெர்சி எல்லாக் குழிக்கும் தண்ணீர் விட்டாள், மருந்துக்கடைத் தண்ணீர். ஒரு வரிசைக்குத் தண்ணீர் மட்டும். ஒரு வரிசைக்கு இன்டர்லூகின் மட்டும். கடைசி வரிசைக்கு இன்டர்லூகினோடு, விழித்த டி செல்களின் மேல்சவ்வைப் பிரித்தெடுத்துச் சேர்த்தாள். தொடுகையும் சொல்லும் சேர்ந்து கிடைக்கட்டும் என்று.

குறித்த நாள் காலையில் சாயத்தை ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள். கடைசி வரிசை மெல்ல நாவல்பழமாகியது. தண்ணீர் வரிசை மஞ்சள். இன்டர்லூகின் மட்டும் இட்ட வரிசையை அவள் குனிந்து பார்த்தாள், தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். செல்கள் ஒரு நூல் பருத்திருந்தன. ஒன்றுகூடப் பெருகவில்லை. ஊரெல்லாம் புத்தகத்தில் படித்துவைத்திருந்த, யாரும் அவளிடம் கேட்காத ஒரு விஷயத்தை மெர்சி தன் கையால் நிரூபித்திருந்தாள். பட்டம் இதற்கும் கிடைக்கும். கொஞ்சம் தாமதமாகக் கிடைக்கும். யாரும் கை தட்ட மாட்டார்கள்.

படிக்கட்டில் பேராசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது. மெர்சி தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"சார், சீக்கிரம் வாங்க, வந்து பாருங்க! ஒண்ணுமே ஆகலீங்க!"